விறகில் ஓடும் எஞ்சின்

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று ஒரு பழமொழி உண்டு. 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், விசுவமடுவிலே ஒரு தோட்டத்து வரம்பில் நின்றபோது, அப்பழமொழியின் பொருள் நமக்கு நன்கு விளங்கிற்று.

நாடெங்கும் மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம் அது. தோட்டக்காரர் நம்மிலும் பதினைந்து வயது மூத்தவர். இடப்பெயர்வுகளுக்கு இடையிலும் அந்த மண்ணை விடாது வெங்காயமும் கச்சானும் மிளகாயும் செய்து வருபவர். அவருடைய கிணற்றிலே தண்ணீர் இருந்தது. கிணற்றடியிலே இறைப்பு இயந்திரம் இருந்தது. அதற்கு ஊற்ற ஒரு போத்தல் மண்ணெண்ணெய்தான் இல்லை. மூன்று நாட்கள் வெற்றுக் கானுடன் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியிருந்தார். பாத்திகளிலே வெங்காயத் தாள்கள் நுனி கருகி மடிந்து கிடந்தன. தோட்டத்தைச் சுற்றி நாற்புறமும் நின்ற சீமைக்கிளுவை வேலி மாத்திரம் பச்சைப் பசேலென்று செழித்து நின்றது.

“மாஸ்ரர், வேலி பச்சையாய் நிக்குது, வெங்காயம் காயுது. இந்த வேலித் தடியை எரிச்சு மெசினை ஓட்ட ஒரு வழியும் இல்லையோ?” என்று அவர் கேட்டார். பாதி விளையாட்டாகவும் பாதி ஆற்றாமையாகவும் கேட்ட கேள்விதான்.

வழி உண்டு என்று சொல்ல நமக்கு வாய் வந்தது. ஆயினும், அந்த வழி அன்றைக்கு அவருக்கு உதவாது என்பதையும் நாம் அறிந்திருந்தோம். விறகில் எஞ்சின் ஓடும். ஆனால் தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுகிறவனுக்கு அது ஓடாது. ஏன் என்பதை எடுத்துரைப்பதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

எரிபொருள் இல்லாமை வன்னிக்குப் புதிய அனுபவம் அன்று. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருளும் வேறு பல பொருள்களும் வடபகுதிக்கு வருவது தடுக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்படும் வரை பெற்றோல் மருந்து போலத் துளிக் கணக்கிலே பயன்பட்டது. எஞ்சினின் வாயில் சில துளி பெற்றோலை விட்டு, கயிற்றைச் சுற்றி இழுத்து முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். இறைப்பு இயந்திரம் மட்டுமன்றி மோட்டார் சைக்கிளும் காரும் அவ்வாறே ஓடின. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு, சைக்கிள் வால்விலே திரி செருகிச் செய்த சிறு விளக்கின் ஒளியிலே பரீட்சைக்குப் படித்த தலைமுறை நம்முடையது. ஆகவே, இல்லாமையிலிருந்து வழி காணும் திறமை இம்மண்ணின் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதன்று. ஆனால் அந்த வழிகள் யாவும் இறுதியில் மண்ணெண்ணெயையே நம்பியிருந்தன. மண்ணெண்ணெயும் இல்லையென்றால் என்ன செய்வது என்ற கேள்விதான் 2022இல் மீண்டும் நம் முன்னே வந்து நின்றது.

இதே கேள்வியை உலகம் இரண்டாம் உலகப் போரின்போது எதிர்கொண்டது. அக்காலத்தில் தமிழ்நாட்டிலே ஓடிய ‘கரி பஸ்’களைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸின் பின்புறத்திலே ஆளுயர இரும்பு உருளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். புறப்படுவதற்கு முன் அதில் மரக்கரியை நிரப்பித் தீ மூட்டி, கிளீனர் ஒருவர் காற்றூதியின் கைப்பிடியைச் சுற்றுவார். கரி கனன்று வாயு பிறந்தபின்பே எஞ்சின் உயிர் பெறும். ஏற்றம் வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளிக் கொடுப்பதும் உண்டு.

ஐரோப்பாவிலே இதே முறை இன்னும் பெரிய அளவில் நடந்தது. ஜோர்ஜ் இம்பேர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1920ஆம் ஆண்டுகளிலேயே, கரியாக்காத வெறும் விறகை இட்டு மோட்டார் வண்டியை ஓட்டக்கூடிய உலை ஒன்றை வகுத்திருந்தார். போர்க் காலத்தில் ஜேர்மனியிலும் சுவீடனிலும் பிரான்சிலும் அவ்வகை உலைகளைப் பூட்டிய கார்களும் லொறிகளும் உழவு இயந்திரங்களும் இலட்சக் கணக்கில் ஓடின. போர் முடிந்து பெற்றோல் தாராளமாகக் கிடைத்ததும் சில ஆண்டுகளுக்குள் அவை ஏறக்குறைய அனைத்தும் மறைந்தன. இவ்விரு செய்திகளையும் சேர்த்தே நினைவில் வைத்தல் வேண்டும். விறகில் எஞ்சின் ஓடும் என்பது கற்பனை அன்று. வேறு வழி கிடைத்தவுடன் மக்கள் அதைக் கைவிட்டார்கள் என்பதும் கற்பனை அன்று. ஏன் கைவிட்டார்கள் என்பதை அறிய, அது ஓடும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும்.

அடுப்பிலே விறகு எரிகிறது என்கிறோம். உண்மையில், நாம் காணும் சுவாலையிலே எரிவது விறகு அன்று. சூட்டினால் விறகிலிருந்து வெளிப்படும் வாயுவே எரிகிறது. மாணவர்கள் இதைத் தாமே கண்டறியலாம். மூடியுள்ள பால்மாத் தகரம் ஒன்றில் உலர்ந்த சிராய்களை இட்டு, மூடியிலே ஆணியால் ஒரு துளை இட்டு, முற்றத்தில் மூட்டிய தணலின்மேல் வையுங்கள். சற்று நேரத்தில் துளை வழியாக வெண்புகை வரும். அப்புகையிலே எரியும் குச்சியை எட்ட நின்று காட்டினால் புகையே சுவாலையாக எரியும். தகரம் ஆறியபின் திறந்தால் உள்ளே கரி மாத்திரம் எஞ்சியிருக்கும். ஆசிரியரோ பெற்றோரோ அருகில் இருக்க, வெட்டவெளியிலே மாத்திரம் இதைச் செய்தல் வேண்டும்.

விறகு வாயு உலை இந்தப் பரிசோதனையின் வளர்ந்த வடிவமே. உலையின் மேற்பகுதியில் விறகுத் துண்டுகள் நிறைந்திருக்கும். அங்கே கீழிருந்து வரும் சூட்டினால் விறகின் ஈரம் ஆவியாகும். சிறிது கீழே, காற்றுப் போதாத நிலையில் விறகு வெந்து, புகையும் தாரும் கரியுமாகப் பிரியும். அதற்குக் கீழே சிறு குழாய்கள் வழியாக அளவான காற்று உட்புகும் இடத்தில், அப்புகையின் ஒரு பகுதி 1000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தோடு எரியும். எரிந்ததனால் உண்டான காபனீரொட்சைட்டும் நீராவியும் அடியிலுள்ள செந்தணற் படுக்கையினூடே இழுக்கப்படும். அத்தணலிலுள்ள காபன் அவற்றிலிருந்து ஒட்சிசனைப் பறித்துக்கொள்ள, காபனோரொட்சைட்டும் ஐதரசனும் வெளிவரும். இவை இரண்டும் எரியத் தக்க வாயுக்கள். எரிந்து முடிந்த புகை மீண்டும் எரிபொருளாக மாறும் இந்த இடமே உலையின் உயிர்நிலை எனலாம்.

இவ்வாறு கிடைக்கும் வாயுவிலே நூற்றுக்கு இருபது பங்கு அளவில் காபனோரொட்சைட்டும், பதினைந்து முதல் இருபது பங்கு வரை ஐதரசனும், மிகச் சிறிதளவு மெதேனும் இருக்கும். ஏறக்குறைய அரைப் பங்கு, காற்றோடு வந்த நைதரசன், அது எரியாது. ஆகையால் இது வலிமை குறைந்த வாயு. பெற்றோலில் ஓடிய எஞ்சினை இவ்வாயுவில் ஓட்டினால் அதன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். கரி பஸ்ஸைப் பிரயாணிகள் தள்ள நேர்ந்தது இதனாலேதான்.

நம் தோட்டங்களில் உள்ள மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரங்களுக்குத் தீப்பொறி தரும் பிளக் இருப்பதனால், அவற்றை முழுவதும் விறகு வாயுவிலேயே ஓட்டலாம். காற்று உட்செல்லும் வழியிலே ஒரு கிளைக் குழாயைப் பூட்டி, ஒரு புறம் வாயுவும் மறுபுறம் காற்றும் வரும்படி செய்து, காற்றை ஒரு திருகியால் கூட்டிக் குறைத்தால் போதும். ஏறக்குறைய ஒரு பங்கு வாயுவுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேலான காற்று வேண்டும். டீசல் எஞ்சினுக்குப் பிளக் இல்லை. அழுத்தத்தின் சூட்டினால் டீசல் தானே பற்றிக்கொள்வது போல இவ்வாயு பற்றிக்கொள்ளாது. ஆதலின் டீசல் எஞ்சினில் சிறிதளவு டீசலையும் தொடர்ந்து செலுத்துதல் வேண்டும். அவ்வாறு செய்தால் டீசல் செலவில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் மீதமாகும்.

இவ்வளவும் நூலறிவு. விசுவமடுத் தோட்டக்காரரின் கேள்வி நம்மை விடவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மாணவர் சிலரையும், இரும்பு ஒட்டும் தொழில் தெரிந்த நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, பழைய எண்ணெய்ப் பீப்பாவையும் நீர்க் குழாய்களையும் கொண்டு ஓர் உலை செய்தோம். கையால் சுற்றும் ஊதுகருவியைச் சுற்றிச் சுற்றிக் கால் மணி நேரத்தில் குழாய் நுனியிலே வாயு எரிந்தது. எஞ்சினிலே பூட்டிக் கயிற்றை இழுத்தோம். நான்காம் இழுப்பில் அது முழங்கியபோது மாணவர்கள் எழுப்பிய ஆரவாரத்தைக் கேட்டு அயல் வீட்டார் ஓடி வந்தார்கள். பதினொரு நிமிடம் ஓடிற்று, தண்ணீரும் வந்தது.

மறுநாள் கயிற்றை இழுத்தால் அசையவில்லை. கழற்றிப் பார்த்தபோது, வால்வின் தண்டு கருந்தாரில் ஒட்டி இறுகிக் கிடந்தது. நாம் இட்ட விறகு வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரமாக இருந்தது. காற்றுப் புகும் இடத்துக்குக் கீழே உலையைக் குறுக்கி ஒரு கழுத்து அமைக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தும், வேலை எளிதாகட்டும் என்று அதை விட்டிருந்தோம். கழுத்து இருந்தால் புகை முழுவதும் அந்தப் பெருஞ்சூட்டைக் கடந்தே கீழே செல்ல நேரிடும். தார் அங்கேயே சிதைந்துவிடும். நமது உலையிலோ புகை குளிர்ந்த ஓரங்கள் வழியாக நழுவி வந்து, எஞ்சினுக்குள்ளே தாராக உறைந்துவிட்டது. அந்த எஞ்சினைச் சீராக்க இரண்டு நாட்கள் சென்றன.

ஐரோப்பியர் பெற்றோல் வந்ததும் ஏன் உலைகளைக் கழற்றி எறிந்தார்கள் என்பது அந்த இரண்டு நாட்களில் நமக்கு விளங்கியது. விறகு வாயுவுக்கு ஈரம் ஆகாது. நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேல் ஈரமுள்ள விறகு எஞ்சினைக் கெடுக்கும். துண்டுகள் மிகப் பெரியனவாயின் உலைக்குள் சிக்கி நிற்கும். தூளாயின் காற்றை அடைக்கும். உலையிலிருந்து வரும் வாயுவைச் சுழலவிட்டுச் சாம்பலைப் பிரித்து, குளிரச் செய்து, மரத்தூளோ தும்போ நிரப்பிய வடியினூடே செலுத்திச் சுத்தம் செய்தல் வேண்டும். அந்த வடியை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். மண்ணெண்ணெயை ஊற்றிக் கயிற்றை இழுக்கும் வேலையோடு ஒப்பிட்டால் இது ஒரு மாட்டை வளர்ப்பது போன்றது. நாள்தோறும் தவறாது கவனித்தாலன்றிப் பயன் தராது.

மரக்கரியை இட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். கரியாகும்போதே தார் நீங்கிவிடுகிறது. இரண்டாம் முறை கழுத்து வைத்த உலையிலே சிரட்டைக் கரியை இட்டு ஓட்டியபோது, எஞ்சின் ஒன்றரை மணி நேரம் இடையூறின்றி இறைத்தது. ஆனால் நம் நாட்டு முறையிலே ஒரு கிலோ மரக்கரி எடுக்க நான்கைந்து கிலோ விறகு அழிகிறது. விறகின் வெப்பத்திற் பாதிக்கு மேல் கரிச்சூளையிலேயே வீணாகிறது. வீட்டிலே எஞ்சும் சிரட்டைக்கு அது பொருந்தும், விறகுக்குப் பொருந்தாது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாது விடுதல் பாவமாகும். இவ்வாயுவின் வலிமையில் பெரும்பங்கு காபனோரொட்சைட்டினால் வருவது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் குருதி ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேலாக அதைப் பற்றிக்கொள்ளும். உலை நிற்கும் கொட்டில் நாற்புறமும் அடைபட்டிருந்தால், அங்கு நிற்பவர் தலைவலியும் மயக்கமும் உணர்வதற்குள்ளேயே விழுந்துவிடலாம். ஐரோப்பாவிலே போர்க் காலத்தில் இவ்வாறு நஞ்சேறியவர் பலர். ஆகவே உலை எப்போதும் திறந்த வெளியிலேயே இருத்தல் வேண்டும். வீட்டுக்குள்ளும், வீட்டோடு ஒட்டிய இறக்கத்திலும் ஒருபோதும் ஆகாது. எஞ்சினை நிறுத்திய பின்பும் உலை நெடுநேரம் வாயுவை வெளிவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் காற்றுப் புகுந்து வெடித்து எரியவும் கூடும். தலை சுற்றினால் வேலையை விட்டுக் காற்றுள்ள இடத்துக்குச் செல்லுதல் வேண்டும். பிறர் விழக் கண்டால் உடனே வெளியே கொண்டுவந்து, தாமதமின்றி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

இத்தனை தொல்லையும் ஆபத்தும் உள்ள ஒன்றைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். அதற்கு விடை கணக்கிலே இருக்கிறது.

ஐந்து குதிரைவலு இறைப்பு இயந்திரம் ஒன்றுக்கு மணிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ உலர்ந்த விறகு வேண்டும். ஓர் ஏக்கர் வெங்காயத்துக்கு ஒரு போகத்தில் இருபது முறை இறைப்பதாகவும், ஒவ்வொரு முறையும் எட்டு மணி நேரம் செல்வதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 160 மணி நேரம். விறகு 800 கிலோ. இதையே மண்ணெண்ணெயில், மணிக்கு ஒரு லீற்றர் என்று கொண்டால், 160 லீற்றர் ஆகும். 2022 ஓகஸ்ட் மாதத்தில் அரசு மண்ணெண்ணெயின் விலையை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தியது. ஆகவே, 13,920 ரூபாவாக இருந்த செலவு ஒரே இரவில் 54,400 ரூபாவாயிற்று. பணம் கொடுத்தாலும் பொருள் கிடைக்காத நாட்களை இக்கணக்கிலே நாம் சேர்க்கவில்லை.

இனி வேலியை எண்ணுவோம். சதுரமான ஓர் ஏக்கர் காணியின் சுற்றளவு ஏறக்குறைய 250 மீற்றர். அரை மீற்றருக்கு ஒரு கதியால் வீதம் 500 சீமைக்கிளுவை நிற்கும். ஒரு மரம் ஆண்டுக்கு இரண்டு கிலோ உலர்ந்த தடி தருமென்றால் 1000 கிலோ. ஒரு போகத்து வெங்காயத்தை வேலியே இறைத்துவிடும். சிறிது மீதமும் இருக்கும். இரண்டாம் போகத்துக்கு அது போதாது. அதற்கு வரம்பிலும் எல்லையிலும் இன்னும் நட வேண்டும். வெட்டிய மரம் மீண்டும் துளிர்க்கும். இலையிலே நைதரசன் மிகுதி. தழையாக மண்ணில் இட்டால் பசளை, ஆட்டுக்கு இட்டால் தீவனம். 2021இல் இரசாயன உரத்தை இறக்குமதி செய்வதற்குத் தடை வந்தபோது அந்தத் தழையின் அருமையைக் கமக்காரர் பலர் கண்டுகொண்டனர். 2005ஆம் ஆண்டிலே நம் நாட்டரசு சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்ததும் எரிபொருளைக் கருதியேயாகும்.

ஆனால் 800 கிலோ தடி தானாக வந்து உலையில் விழாது. பச்சைத் தடியில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்; எனவே 1600 கிலோவை வெட்டிக் காய வைத்தல் வேண்டும். மாணவர் ஒருவர் கத்தியால் விரல் நீளத் துண்டுகளாக வெட்டியதை நாம் நேரம் பார்த்து நிறுத்தபோது, மணிக்கு இருபது கிலோ வந்தது. அவ்வாறாயின் 800 கிலோவுக்கு நாற்பது மணி நேரம். ஐந்து முழு நாள் வேலை. மழை படாத கூரையின் கீழே பல வாரங்கள் உலர்த்தலும் வேண்டும். எண்ணெய்க்குக் காசு கொடுக்கிறோம். விறகுக்கு உடலுழைப்பும் முன்யோசனையும் கொடுக்கிறோம். இலவசமான எரிபொருள் என்று ஒன்று இல்லை.

இதை மறந்ததனால் விளைந்த தோல்வி ஒன்று அயல்நாட்டிலே உண்டு. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர்கள் 1980ஆம் ஆண்டுகளில், ஐந்து குதிரைவலுப் பம்புக்கு ஏற்ற சிறு உலை ஒன்றை வகுத்தார்கள். 1987 முதல் இந்திய அரசு இத்தகைய உலைகளுக்குப் பெரும் மானியம் கொடுத்துக் கமக்காரரிடம் பரப்ப முயன்றது. மானியத்தோடு எஞ்சினும் பம்பும் சேர்ந்து கிடைத்தமையால், அவற்றுக்காகவே வாங்கியோர் பலர். விறகை வெட்டவும் உலர்த்தவும் மனமின்றி உலையைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, டீசலிலேயே எஞ்சினை ஓட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான உலைகள் துருப்பிடித்தன.

அதே காலத்தில், அதே கழகத்தார் கர்நாடகத்தின் துமக்கூர் மாவட்டத்திலே ஹொசஹள்ளி என்ற சிற்றூருக்கு விறகு வாயுவால் மின்சாரம் கொடுத்தனர். ஏறக்குறைய முப்பத்தைந்து குடும்பங்கள் வாழ்ந்த அவ்வூரில், 1988 முதல் பல ஆண்டுகள் அந்த எஞ்சின் விளக்கெரித்தது, குடிநீர் இறைத்தது, மா அரைத்தது, பின்னர் தோட்டத்துக்கும் நீர் பாய்ச்சியது. இரண்டுக்கும் வேறுபாடு யாது? ஹொசஹள்ளியிலே எஞ்சினோடு மரமும் நடப்பட்டது. ஊர் இளைஞர் பயிற்சி பெற்று நாள்தோறும் உலையைப் பேணினார்கள். மற்றவர்களுக்கோ இரும்பு மாத்திரம் கொடுக்கப்பட்டது.

வன்னிக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். இங்கே விறகு என்றால் காடு என்றே பலர் எண்ணுகிறார்கள். பாலையும் முதிரையும் வீரையும் ஓங்கி நின்ற காடுகள் போர்க் காலத்தில் எவ்வளவு அழிந்தன என்பதையும், அதன்பின் எவ்வளவு அழிகின்றன என்பதையும் முல்லைத்தீவு வீதியால் போகிறவர்கள் அறிவார்கள். ஒரு பாலை மரம் காய்த்துப் பழம் தரும் பருவத்தை அடைய ஒரு மனிதனின் இளமைக் காலம் முழுதும் செல்லும். உலை அதைச் சில நாட்களில் விழுங்கிவிடும். ஆயிரம் தோட்டங்களில் விறகு உலை எரிந்து, அத்தனைக்கும் காட்டிலிருந்து விறகு வருமானால், நாம் வெங்காயத்தைக் காப்பாற்றி மழையை விற்றவர்கள் ஆவோம். ஆகையால் இம்முறைக்கு ஒரே சட்டம்: முதலில் கதியால் நடுக, மூன்றாண்டு கழித்து உலை செய்க. வேலி தரும் அளவுக்கு மேல் எஞ்சின் ஓடக் கூடாது.

சூரிய ஒளியில் ஓடும் பம்பு இக்காலத்தில் வந்துவிட்டதே என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. அதை வாங்க வசதியுள்ளவர் அதையே வாங்குக என்றே நாமும் சொல்வோம். அதற்கு விறகு வேண்டாம், கரி வேண்டாம், நஞ்சு இல்லை. ஆனால் அதற்குரிய பணத்தை ஒரே முறையில் எடுத்துவைக்க எல்லாக் கமக்காரராலும் இயலாது. கிணற்றடியிலே ஏற்கெனவே இருக்கும் எஞ்சினை, அரிதான ஒரு காலத்திலே ஓடவைக்கும் வழியாகவே விறகு வாயுவை நாம் கருதுகிறோம். அன்றாடம் உண்ணும் சோறாக அன்று, பஞ்சத்துக்குக் கோர்க்காலியில் வைத்த நெல்லாக.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் அருகருகே இருக்கின்றன. ஒரு பீடம் நம் மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு ஏற்ற, கழுத்து வைத்த சிறு உலை ஒன்றை அளவுகளோடு வகுத்துத் தரலாம். மற்றது வேலியின் விளைச்சலை ஓராண்டு நிறுத்துப் பார்க்கலாம். நாம் மரத்துக்கு இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டது ஊகமே. அதை உறுதி செய்வதற்கு ஒரு தராசும் பொறுமையுள்ள ஒரு மாணவரும் போதும். வாசிக்கின்ற மாணவர்களில் எவரேனும் அந்த வேலையை எடுத்துக்கொள்வார்களாயின் இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதாகும்.

விசுவமடுத் தோட்டக்காரரை அண்மையில் மீண்டும் கண்டோம். வரிசைகள் மறைந்துவிட்டன, அவருடைய இயந்திரம் மண்ணெண்ணெயிலேதான் ஓடிக்கொண்டிருந்தது. உலை இன்னும் அவரிடம் இல்லை. ஆனால் வேலியின் இடைவெளிகளிலெல்லாம் புதிய கதியால்கள் நட்டு, அவை துளிர்த்திருந்தன. கிணற்றடிக் கொட்டிலிலே விரல் நீளத்துக்கு வெட்டிய தடிகள் சாக்குகளில் நிறைந்து, நிலத்தில் முட்டாதபடி பரணில் அடுக்கப்பட்டிருந்தன.

“இப்பதான் எண்ணெய் கிடைக்குதே அண்ணை, பிறகேன் இந்தப் பாடு?” என்று கேட்டோம்.

“கிடைக்கிற நேரத்திலைதானே மாஸ்ரர் தடி காய விடலாம்” என்று சொல்லிவிட்டு, அவர் வாய்க்காலைத் திருப்பப் போய்விட்டார்.